கொச்சியில் பெண் பார்த்தது

சுற்றிப் பார்க்க வந்தவள் மாதிரி நிற்க வேண்டுமாம். ரயிலில் ஏறியதிலிருந்து அம்மா இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனிதர் மாப்பிள்ளை வீட்டு கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள் அனுப்பிய உளவாளி என்பதுபோல. "எதேச்சையாப் பாக்கற மாதிரி இருக்கோணும் கண்ணு. அவங்களும் ஊர் பாக்க வந்திருக்கறாங்க, நாமளும் வந்திருக்கறோம். ஒரே கைடு, ஒரே வேனு. அவ்வளவுதான்." அவ்வளவுதானாம். முதல் கல்யாணத்துக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது பொள்ளாச்சி வீட்டு வாசலில் பந்தல் போடாத குறைதான். இது இரண்டாவது. இரண்டாவதற்குத் தெருவில் ஒரு கார் வந்து நின்றாலே எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொள்ளும், ஆகவே மாநில எல்லையைத் தாண்டிக் கடலோரம் வரைக்கும் கூட்டிவந்து, மீன் நாற்றத்துக்கு நடுவில் நிறுத்தி என்னைக் காட்டுகிறார்கள். அதிலும் நாள் பார்த்திருக்கிறார்கள். வளர்பிறை வியாழக்கிழமை. ஊர் சுற்ற வருகிறவன் எவன் வளர்பிறை பார்ப்பான், பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற நினைப்பு. இதோ வந்துவிட்டார்கள், எதேச்சையாக. மகனும் தாயும். மகன் மயிலானந்தன், நாற்பதைத் தாண்டியவர், மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, தோளில் அவருடைய அம்மாவின் கைப்பை. ஆமாம், அம்மாவின் கைப்பை, தங்கநிற ஜிப் வைத்தது, அதை ஒரு கூச்சமும் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார். தாயின் பெயர் பாவாத்தாள். அந்தம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, அதே பார்வையை எடுத்து அப்படியே சீன வலைமேல் வைத்து, "இது வெயிட்டுத் தாங்குமுங்களா?" என்று கைடிடம் கேட்டது. வலையைத்தான் கேட்டிருக்க வேண்டும். கைடு பென்னி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிகிற தலை, தமிழ் தெரியும் என்று சொல்லிக்கொள்கிற ஆள். "நோக்குங்கோ மேடம், சீனாக்காரன் கொண்டு வந்த வலையாணு இது. எத்தறயோ வருஷம் பழக்கம். இவிடெ ஷூட்டிங் எல்லாம் நடந்திட்டுண்டு." தமிழர்களுக்கு ஷூட்டிங் என்று சொன்னால் போதும் என்று யாரோ இவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போதத்தான் செய்தது. பாவாத்தாள் அம்மா உடனே நிமிர்ந்து பார்த்தது.

வலை கீழே போகிறது. பெரிய மரத்தூண்கள் சாய்ந்து, கயிற்றில் கட்டிய கற்கள் மேலே ஏற ஏற, வலை தண்ணீருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள், வலை தண்ணீரை வடித்துக்கொண்டு மேலே வருகிறது. அந்த வடிகிற சத்தம். "அம்மா, அந்த வலை மேல வர்றத வீடியோ எடுத்துட்டு வா, பாட்டு கீட்டுப் போட்டுக் கெடுத்தறாத, தண்ணி ஊத்தற சத்தம் கேக்கோணும்" என்று என் மகள் சொல்லி அனுப்பினாள். ஒன்பது வயது. பேங்க்கில் எல்லோரும் சேர்ந்து டூர் போகிறோம், பாட்டியும் வருகிறாள் என்று அவளிடம் பொய் சொல்லி, ராசு மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எடுக்கலாம் என்று கை தானாகவே பைக்குள் போகிறது, போன் இல்லை. போன் அம்மாவிடம் இருக்கிறது. எர்ணாகுளத்தில் இறங்கியதுமே வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். போனைத் திறந்தால் திரை முழுக்க என் மகள்தான், ஏழு வயதில் எடுத்த படம், முன்பல் இரண்டும் விழுந்த வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. "எதுக்குக் கண்ணு வம்பு. புள்ள வேற கூப்புட்டுக் கூப்புட்டுப் பேசும். ஒரு நாளுதான, சத்தத்தக் கொறச்சு வெச்சிருக்கறேன்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், அதுவும் பூசணிக்காய் எங்கே இருக்கிறது என்று எதிராளிக்கும் தெரிந்திருக்கும்போது. அவர்களுக்குத் தெரியாததா? நிபந்தனையே அதுதானே. ராசு மாமா நடுவில் இருந்து பேசி முடித்துக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: புள்ள பாட்டிகிட்டயே வளரட்டும், லீவுக்கு வந்து போகட்டும், அதுக்கும் அதுதான் நல்லது. அவர்கள் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், ரித்விக், தாயில்லாப் பிள்ளை, அவனுக்கு ஓர் அம்மா வேண்டும். அதற்காகத் தாய் இருக்கிற பிள்ளையைத் தாயில்லாமல் ஆக்கினால் தப்பில்லை. காலையில் பல் தேய்க்கும்போது எனக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ரயில் ஏறுவதற்குள் நான் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். அதற்குள் இந்த மனிதர் என் மகளின் பெயரைக் கேட்டுவிட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். கூட வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டாம், போட்டோவைப் பார்க்க வேண்டாம். பெயர். ஒரு பெயரைக் கேட்கிற மனிதனிடம் அப்புறம் மற்றதைப் பேசலாம். கேட்கமாட்டார், பாருங்கள். கைப்பை தூக்குகிறவர் அதற்கெல்லாம் எங்கே வாய் திறக்கப்போகிறார்.

தேவாலயத்துக்குள் குளிர்ச்சியாக இருக்கிறது. கூரையிலிருந்து நீளமாகத் துணி விசிறிகள் தொங்குகின்றன, அந்தக் காலத்தில் வெளியே ஆட்கள் நின்று கயிற்றை இழுத்தால் உள்ளே துரைமார்களுக்குக் காற்று வருமாம். பென்னி, இல்லாத கயிற்றை இழுத்துக் காட்டுகிறான். எனக்கு ராசு மாமா ஞாபகம் வருகிறார், அவரும் அப்படித்தான், பொள்ளாச்சியில் உட்கார்ந்துகொண்டு இழுக்கிறார், இங்கே நாங்கள் ஆடுகிறோம். தரையில் ஒரு கல், அதைச் சுற்றி வேலி. வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்தது இங்கேதானாம். "பின்னே எடுத்து அவங்க நாட்டுக்குக் கொண்டு போயி. இப்போ உள்ளே ஆள் இல்லா." பாவாத்தாள் அம்மா நியாயமாகவே கேட்டது: "ஆளே இல்லைன்னா அப்பறம் எதுக்குங்க வேலி?" பென்னி மனசிலாயோ என்று சிரித்து மழுப்பினான். எனக்குப் பதில் தெரியும், ஆனால் நான் வாய் திறக்கக் கூடாது, ஊர் பார்க்க வந்தவள். என் பழைய கல்யாண ஆல்பம் இன்னும் அம்மாவின் பீரோவில் துணி சுற்றி இருக்கிறது. அந்த மனுஷன் வேறு ஒருத்தியோடு குடித்தனம் செய்து, கோர்ட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போய்விட்டான், ஆள் இல்லை, ஆனாலும் வேலி இருக்கிறது. தூக்கிப் போடு என்றால் புள்ளைக்கு அப்பன் மூஞ்சி தெரிய வேண்டாமா என்கிறாள் அம்மா. தெரிந்து என்ன செய்யப்போகிறாளாம். அவள் என் மகள், என்னைப் போலவே மூக்கைச் சுளிப்பாள், பிடிக்காத உப்புமாவை என்னைப் போலவே தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவாள். படியில் இறங்கும்போது மயிலானந்தன், "பாத்துங்க, வழுக்குது" என்றார். இன்று என்னிடம் பேசிய முதல் வார்த்தை. கல் வழுக்குகிறது என்பது எனக்கும்தான் தெரிகிறது. ஆனால் சொல்லிவிட்டு நான் இறங்கி முடிக்கும் வரை நின்றார். நின்றால் என்ன, தூணும்தான் நிற்கிறது.

அரண்மனை வாசலில் வேனை நிறுத்திவிட்டு யாரும் இறங்கவில்லை. ஏன் என்று பென்னிக்குப் புரியவில்லை. ராகு காலம். சாப்பிட்டு முடித்து ஏறியபோதே தொடங்கிவிட்டது, அது முடிகிற வரைக்கும் பெண்ணும் பையனும் சேர்ந்து புதிய வாசல் எதையும் மிதிக்கக் கூடாது என்று பாவாத்தாள் அம்மா சொல்ல, என் அம்மா அதையேதான் தானும் நினைத்ததாகத் தலையை ஆட்டினாள். வெறும் டூர் என்று சொன்னவர்கள். பென்னி வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்து, "கேட்டு அடைச்சிடும், வாங்கோ" என்று ஜன்னலைத் தட்டுகிறான். உள்ளே ஏசியும் ஓடவில்லை, டிரைவர் டீசல் போகும் என்று அணைத்துவிட்டு மரநிழலில் போய் நின்றுகொண்டான். வேர்வை கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்குகிறது. பட்டுச்சேலை. ஊர் சுற்ற எவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருவாள்? நான்தான். அம்மா கட்டச் சொன்னாள், கட்டினேன். எல்லோரையும் இளக்காரமாகப் பார்க்கிறேனே, எனக்கு என்ன யோக்கியதை, முப்பத்தாறு வயதில் கட்டச் சொன்னதைக் கட்டிக்கொண்டு, போனைக் கேட்டதும் கொடுத்துவிட்டு. உண்மையைச் சொன்னால் பயம்தான். அம்மாவுக்கு மூட்டு வலி, மூச்சு வாங்குகிறது, எனக்கப்பறம் உனக்கு யாரு கண்ணு என்று கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி என் காதிலேயே குடியிருக்கிறது. ஆள் வேண்டும் எனக்கு. பேங்க்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, என்ன இன்னிக்கு லேட்டு என்று கேட்க வளர்ந்த மனிதக் குரல் ஒன்று வேண்டும். அதை வெளியே சொன்னால் கேவலம் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறேனோ என்னவோ. பாவாத்தாள் அம்மா அந்தத் தங்கநிற ஜிப்பைத் திறந்து போனை எடுத்து ரித்விக்கின் போட்டோக்களைக் காட்டத் தொடங்குகிறது. ரித்விக் கராத்தே உடையில். ரித்விக் கேக் வெட்டுகிறான். "எம்பையனுக்குத் தோசைன்னா ஓரம் மொறுமொறுன்னு இருக்கோணுமுங்க, இல்லீன்னாத் தொடமாட்டான். கத்திரிக்காய் ஆகாது. ராத்திரி லைட்டப் போட்டு வெச்சுட்டுத்தான் தூங்குவான்." எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது, வேலைக்கு வந்தவளுக்கு வீட்டைக் காட்டுவதுபோல. லைட்டைப் போட்டு வைத்துத் தூங்குகிற பையனின் முகம், பாவம், நன்றாகத்தான் இருக்கிறது, அவன்மேல் எனக்கு என்ன கோபம். என் மகளுக்கும் இருட்டென்றால் பயம், அவள் லைட் கேட்கமாட்டாள், என் நைட்டியின் நுனியை விரலில் சுற்றிக்கொள்வாள். சொல்லலாமா? அம்மா என் முழங்கையை அழுத்துகிறாள். நான் வாய் திறக்கப்போகிறேன் என்பது இவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. "நல்ல களையான பையனுங்க" என்கிறாள் அம்மா, பேத்தி ஒருத்தி உலகத்திலேயே இல்லாதவள் போல. மயிலானந்தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்கு நீட்டினார், மூடியைத் திறந்து நீட்டினார், அவர் அம்மாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால். வார்த்தை அவர் வாய்வரை வந்துவிட்டது போலிருந்தது, என்னவோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "வெயில் ஜாஸ்திங்க" என்றார்.

அரண்மனைச் சுவரெல்லாம் ராமாயணம். பள்ளியறையில் மூன்று ராணிகளும் பிரசவ வலியில் கிடக்கிறார்கள், தாதிகள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜா தூங்குகிற அறையில் போய் இதை யார் வரையச் சொன்னார்களோ. பாவாத்தாள் அம்மா முகம் மலர்ந்து, "நாலும் பையனுங்க!" என்றது, தன் வீட்டில் பிறந்ததுபோல. எனக்கு அந்த ராணியின் முகத்தைவிட்டுக் கண் நகரவில்லை. என் பிரசவத்துக்கு அந்த மனுஷன் வரவில்லை. நர்ஸ் வந்து பொண்ணு என்று சொன்னதும் அம்மாதான் வாங்கிக்கொண்டாள், இதே அம்மாதான், வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, எங்கொலசாமி என்று அழுதாள். இன்று அதே கையில்தான் ஜிப் போட்ட பை. இவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, மனசு வராததும் எரிச்சலாக இருக்கிறது.

பென்னிக்குத் திடீரென்று ஒரு யோசனை. "உங்க ஆளுகள் இருக்குன்ன இடம் காட்டறேன்." எங்கள் ஆட்கள் என்றால் தமிழர்கள். சலவைக்கூடம், டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்துத் துணி துவைக்கக் கூட்டிவந்தவர்களின் வம்சமாம். கொச்சிக்கு நடுவில் நின்றுகொண்டு நம் பேச்சைக் கேட்க ஒரு மாதிரி இருந்தது. வெளியே வெயிலில் வெள்ளைத் துணி வரிசை வரிசையாகக் காய்கிறது, ஒரு கிளிப் கிடையாது, இரண்டு கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். ஒரு பெண்மணி, என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு எங்களை ஆசையாகப் பார்த்தாள். "எந்த ஊருங்க? பொள்ளாச்சியா? நம்ம பக்கம்னு பேச்சிலயே தெரியுது, உக்காருங்க." என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பட்டுச்சேலை, பக்கத்தில் ஒரு ஆள், பின்னால் இரண்டு பெரியவர்கள், வேறு என்ன நினைப்பாள்? "எத்தன புள்ளைங்க உங்களுக்கு?" என்று கேட்டாள். நாள் முழுக்க ஐந்து பேரும் சுற்றி வந்து தாண்டித் தாண்டிப் போன கேள்வியை, உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டாள். "ஒண்ணுங்க" என்றது பாவாத்தாள் அம்மா. "ஒண்ணு" என்றேன் நானும். இரண்டும் ஒன்றாகவே வந்து விழுந்தன. "பையனுங்க" என்றது அந்தம்மா. "பொண்ணு" என்றேன் நான். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, அம்மாவின் கை என் முழங்கைக்கு வந்து சேர்வதற்குள் வந்துவிட்டது. அந்தப் பெண்மணி ஒன்றும் புரியாமல் சிரித்து, மயிலானந்தனைப் பார்த்துக் கேட்டாள். "பையனா பொண்ணா, நீங்க சொல்லுங்க சார்." அவர்தான் சொல்ல வேண்டும். நானும் அவரைப் பார்த்தேன், வெட்கம் கெட்டுப் போய், அந்த இஸ்திரிச் சூட்டில் நின்று, ரெண்டு என்று சொல்லிவிடு, வேண்டாம், பொண்ணு பேரு என்னங்க என்றாவது என் பக்கம் திரும்பிவிடு என்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காலையிலிருந்து நான் இந்த ஆளை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வழுக்குது என்றதை, தண்ணீர் மூடியைத் திறந்ததை, ஒவ்வொன்றையும் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன், வெளியே தூண் என்று திட்டிக்கொண்டு. மயிலானந்தன் தொண்டையைச் செருமினார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். பென்னியைப் பார்த்து, "அடுத்து எங்கீங்க போறோம்?" என்று கேட்டார்.

அடுத்து எங்கும் இல்லை, மறுபடி வலைதான், சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன்.  வேனில் பாவாத்தாள் அம்மா வழியில் வாங்கிய ஏலக்காய்ப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, ஊர் விலையேதான் என்று சொல்லிக்கொண்டது, நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்கிற குரலில். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. இறங்கியதும் பெரியவர்கள் இரண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு. நான் வேலியோரமாகப் போய் நின்றேன். கடலில் வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது, இதைப் பார்க்கத்தான் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள், முன்னால் இருக்கிறதை யாரும் பார்க்கவில்லை, போனுக்குள் பார்க்கிறார்கள். பின்னால் செருப்புச் சத்தம். மயிலானந்தன் இரண்டு பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார். சுட்டது.  பிறகு தலையைக் குனிந்து, உதடு அசைகிறதா என்றுகூடத் தெரியாமல், "ஏனுங்க... பாப்பா பேரு என்னங்க?" என்றார்.

கேட்டுவிட்டார். டீ தளும்பி விரலில் படுகிறது, பட்டால் படட்டும். கேட்டால் சரி என்று சொல்வதாகத்தானே இருந்தேன். நாக்கு நுனியில் பெயர் இருக்கிறது, அதைச் சொன்னால் முடிந்தது, நாளை ராசு மாமா இனிப்போடு வருவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் திரும்பி பெஞ்சைப் பார்த்தார். அவர் அம்மாவுக்குக் கேட்டுவிட்டதோ என்று. ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று தெரிந்ததும் அவர் தோள் தளர்ந்ததே, அதை நான் பார்த்தேன். "சத்தமாக் கேளுங்க" என்றேன். "என்னங்க?" "பேரத்தான். சத்தமாக் கேளுங்க. அங்க உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி." அவர் சிரிக்கப் பார்த்தார். டீயைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. அம்மா மெதுவாத்தான் மாறுவாங்க. மொதல்ல நல்லபடியா முடியட்டுமுங்க." ரகசியமாக அன்பு காட்டுவாராம். என் மகள் லீவுக்கு வரும்போது ரகசியமாக மிட்டாய் வாங்கிக் கொடுப்பார், ரகசியமாகத் தலையைத் தடவுவார், பாவாத்தாள் அம்மா குளிக்கப் போயிருக்கும்போது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் கேவலம். நான் காத்திருந்தேன், வலை ஒரு தடவை கீழே போகிற நேரம், என் பங்குக்குக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

டீயை அப்படியே வேலிக் கல்மேல் வைத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போனேன். அம்மாவின் மடியிலிருந்து பையை எடுத்து ஜிப்பைத் திறந்தேன். "என்ன கண்ணு, வேண்டாஞ் சாமி, இப்ப வேண்டாம்" என்று அம்மா கையைப் பிடித்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். திரை நிறைய அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த அழைப்புகள், அதற்குப் பின்னால் பல் விழுந்த சிரிப்பு. வலைக்காரர்கள் கயிற்றில் கை வைத்துவிட்டார்கள். வீடியோ காலைப் போட்டுக்கொண்டு ஓடினேன், பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள், காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். காற்று அடிக்கிறது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, அம்மா அம்மா என்கிறாள். தண்ணீர் வடிய வடிய வலை மேலே வருகிறது. "வர்ணிகா!" என்றேன். "வர்ணிகா, இங்க பாரு! வர்ணிகா, சத்தம் கேக்குதா?" நான் கத்தத்தான் செய்தேன். பென்னி வாயைப் பிளந்து பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள், கல்லோரம் நின்றவர், படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள், மீன் விற்றுக்கொண்டிருந்தவன், எல்லோருக்கும் பெயர் கேட்டிருக்கும்.